அப்பாவின் கச்சேரிக்கும் மொட்டை மாடிப் பாட்டுக்கும் ஒரே ஸ்பீக்கர் போதுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: காலையில் ஹாலில் அப்பா கச்சேரி கேட்க வேண்டும். சனி, ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் பத்துப் பேர் உட்கார்ந்து பாட்டு கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வயர்லெஸ் ஸ்பீக்கர், கையில் 8000 ரூபாய். எத்தனை வாட்ஸ் வாங்கலாம், வாட்டர்ப்ரூஃப் அவசியமா, புளூடூத் 5.3 வேண்டுமா, 5.0 போதுமா?

திருநெல்வேலியில் இருபது வருஷமாக ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ரிப்பேர் பார்க்கிறேன். அதற்கு முன்னால் கோயில் கொடை விழாக்களுக்கு ரேடியோ செட் கட்டப் போய்க்கொண்டிருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் இதில் பெரிய விஷயம். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவில் எத்தனை அடி? சுற்றிச் சுவர் இருக்கிறதா, இல்லையா? இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும்.

முதலில் வாட்ஸ். தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் செட் அட்டைப்பெட்டியில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று ஊதிப் பெருக்கிய எண்ணைப் போட்டிருப்பார்கள், ஞாபகம் இருக்கலாம். உள்ளே திறந்தால் பத்துப் பதினைந்து வாட்ஸுக்கு மேல் தர முடியாத ஐ.சி.தான் இருக்கும். அந்தக் கூத்து இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அதைக்கூட ரொம்ப நம்ப வேண்டாம். ஏனென்றால் வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது, சத்தத்தை அளக்கும் கணக்கில் 3 டெசிபல்தான் கூடும். கூடியது தெரியும், அவ்வளவுதான். காதுக்கு "ஆமாம், இரண்டு மடங்கு" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்கு ஆக வேண்டும். ஆகவே 20 வாட்ஸா 30 வாட்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

கோயில் கொடையில் வேப்பமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். அதன் யூனிட் பெரும்பாலும் 30, 40 வாட்ஸ்தான். ஜே.பி.எல். சார்ஜ் 5 என்ற கையடக்க ஸ்பீக்கரும் 40 வாட்ஸ்தான். ஆனால் குழாய் சத்தம் வயல் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போகும், சார்ஜ் 5 தெருமுனை தாண்டாது. காரணம், குழாய் கொஞ்சம் கரண்ட்டில் நிறைய சத்தம் எடுக்கும். அதோடு பேச்சு கேட்கும் நடு அலைவரிசையை மட்டும் ஒரே பக்கமாகத் தள்ளும். பேஸ், அதாவது கனத்த கீழ்ச் சத்தம், கிடையவே கிடையாது. அதனால்தான் குழாயில் தவில் வாசித்தால் "டக் டக்" என்று தகரம் தட்டுவது போல் கேட்கிறது. கையடக்க ஸ்பீக்கர் நேர் எதிர். சின்ன டப்பாவுக்குள் இருந்து பேஸ் வரவழைக்கவே அதன் வாட்ஸில் பெரும்பங்கு செலவாகிவிடுகிறது. வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு சாப்பிடுகிறது என்ற கணக்கு. எவ்வளவு உழைக்கிறது என்பது வேறு கணக்கு.

அடுத்து தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும். ஒரு மீட்டரில் 85 டெசிபல் வைத்தீர்கள் என்றால் 2 மீட்டரில் 79, 4 மீட்டரில் 73, 8 மீட்டரில் 67. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. சாதாரணமாக எதிரில் உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல் சுமார் இருக்கும். பத்துப் பேர் பேசிச் சிரிக்கும் இடத்தில் 8 மீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பாட்டு வெறும் இரைச்சலாகத்தான் போய்ச் சேரும்.

வீட்டுக்குள் இந்தத் தேய்மானம் இவ்வளவு இருக்காது. சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். பேஸுக்கு இது இன்னும் அதிகம். ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் கீழ் அலைவரிசையில் 6 டெசிபல் வரை இலவசமாகக் கிடைக்கும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும், சில சமயம் குமுறவும் செய்யும். சோதித்துப் பார்க்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இப்போது வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு ஸ்பீக்கரை ஹால் நடுவில் ஸ்டூலில் வைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். நிறுத்தாமல் அப்படியே தூக்கிக்கொண்டு மூலைக்கு நடந்து போங்கள். வாயில் துணியைப் பொத்திப் பாடியவர் துணியை எடுத்துவிட்டதைப் போல் பேஸ் கித்தார் வெளியே வரும். பிறகு அதே வால்யூமில் மாடிக்குக் கொண்டு போங்கள். ஸ்பீக்கர் ரிப்பேராகிவிட்டதோ என்று தோன்றும். கடையில் ஏ.சி. அறைக்குள், மூன்று பக்கமும் கண்ணாடி அலமாரி சூழ கேட்டுவிட்டு, "கடையில் நன்றாக இருந்தது, வீட்டில் இல்லை" என்று என்னிடம் வருகிறவர்களின் கதை பாதி இதுதான்.

இன்னொரு சங்கதி உண்டு. இந்தச் சின்ன ஸ்பீக்கர்களுக்குள் ஒரு சிப் உட்கார்ந்துகொண்டு டோனை மாற்றிக்கொண்டே இருக்கிறது. வால்யூம் குறைவாக இருக்கும்போது பேஸைத் தூக்கிக் கொடுக்கும். வால்யூமைக் கூட்டக் கூட்ட, கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) கிழியாமல் இருக்க பேஸைக் குறைத்துக்கொண்டே வரும். ஆகவே 40 சதவீதத்தில் கேட்ட ஸ்பீக்கரும் 90 சதவீதத்தில் கேட்கும் ஸ்பீக்கரும் ஒன்றல்ல. மாடியில் நீங்கள் 90இல்தான் வைக்கப் போகிறீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஒரு நிமிஷம் அங்கே வைத்துக் கேளுங்கள். குரல் கீச்சென்று காதைக் குத்தினால் விட்டுவிடுங்கள்.

அப்பாவுக்குத் தேவைப்படுவது இதற்கு நேர்மாறு. விடியற்காலையில், மற்றவர்கள் தூங்கும்போது, மெதுவாக வைத்துக் கேட்பார். சத்தம் குறையக் குறைய நம் காது கீழ் ஸ்வரங்களை வேகமாகக் கைவிட்டுவிடும். பெல் லேபில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் "லவுட்னஸ்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்குமே, அது இதற்காகத்தான். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை எப்படியும் கேட்டுவிடும், கனத்த சத்தம் தரும் இடது பக்கமான தொப்பிதான் முதலில் காணாமல் போகும். தம்பூராவின் அடி ஸ்ருதியும் கூடவே மங்கும். சின்ன டப்பாவில் மெதுவாகக் கச்சேரி கேட்டால், பாடகர் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பது போல் இருப்பது இதனால்தான்.

அப்பா வயதுக்குக் காதின் மேல் அலைவரிசையும் குறைந்திருக்கும். எனவே பேஸ் முட்டும் "பார்ட்டி" வகை ஸ்பீக்கரை அவர் தலையில் கட்டாதீர்கள். சாகித்யம் புரியாது. என்னைக் கேட்டால், ஹாலுக்குப் பேட்டரியே வேண்டாம். பிளக்கில் மாட்டுகிற, வலது இடது என்று இரண்டு மரப்பெட்டியாக வரும் 2.0 செட், புளூடூத் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். எடிஃபையர் ஆர்1280டிபி இந்த வகைக்கு ஓர் உதாரணம்: 4 அங்குல ஊஃபர் (பேஸ் தரும் ஸ்பீக்கர்), மொத்தம் 42 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். அது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டலாம், ஆனால் அதைவிடச் சின்னவை நிறைய உண்டு. பெட்டி பெரிதாக இருந்தால் மெதுவான சத்தத்திலும் தொப்பி கேட்கும். திருகுவதற்கு ஒரு குமிழ் இருக்க வேண்டும். ஆப்பில் போய் வால்யூம் வைக்கும் ஸ்பீக்கர் அப்பாவுக்கு ஒரு வாரம்தான் தாங்கும், அப்புறம் பழைய ரேடியோவுக்கே திரும்பிவிடுவார். பென் டிரைவ் போடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ராகம் தானம் பல்லவியின் நடுவில் போன் அடித்து, அத்தை குரல் ஹால் முழுக்க முழங்கும் தொல்லை இருக்காது.

புளூடூத் எண்ணுக்கு வருகிறேன். 5.0, 5.3 என்பதை வைத்துப் பாட்டின் தரம் மாறாது. தரத்தைத் தீர்மானிப்பது கோடெக், அதாவது போன் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை. எஸ்.பி.சி. என்ற கோடெக் எல்லாவற்றிலும் இருக்கும். ஐபோன் ஏ.ஏ.சி.யில் அனுப்பும். சோனியின் எல்.டி.ஏ.சி. நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், போன், ஸ்பீக்கர் இரண்டிலும் இருந்தால்தான். மாடியில் காற்றுக்கும் பேச்சுக்கும் நடுவில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நடைமுறையில் தொந்தரவு தருவது வேறு. புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், மனித உடம்பில் பெரும்பாலும் தண்ணீர்தான். போனைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முகத்தைக் காட்டி நின்றால் பாட்டு விட்டு விட்டு வரலாம். ஹாலில் சார்ஜில் போன், மேலே மாடியில் ஸ்பீக்கர் என்றால் நடுவில் உள்ள கான்கிரீட் தளம் விடாது. டி.வி.யோடு இணைக்க நினைத்தால், ஒலி 0.2 நொடி வரை பிந்தி வருவதுண்டு. வாய் அசைந்து முடிந்த பிறகு வசனம் வருவது போலத் தெரியும். டி.வி.க்கு வயர்தான் நல்லது.

வாட்டர்ப்ரூஃப் பற்றி. ஐ.பி.67 என்றால் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசி உள்ளே போகாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிஷம் கிடந்தாலும் தாங்க வேண்டும். எண்ணுக்குப் பதில் எக்ஸ் போட்டிருந்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பு எதுவும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். மொட்டை மாடித் தூறலுக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும்.

பலருக்குத் தெரியாதது, 7 வாங்கிய ஸ்பீக்கர் 5, 6 தேறியதாக ஆகாது. 7 என்பது அசையாத தண்ணீரில் முங்குவது. 5, 6 என்பது பீய்ச்சி அடிக்கும் தண்ணீர். போன சீசனில் ஒரு பையன் ஸ்பீக்கரைக் குற்றாலம் அருவிக்குக் கீழே பிடித்து, பாட்டோடு குளித்திருக்கிறான். "வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கேண்ணே" என்று என் மேஜையில் வைத்தான். வலையைக் கழற்றினால் கோனைச் சுற்றியுள்ள ரப்பர் ஒரு பக்கம் பிரிந்து, உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர். பாறையையே தேய்க்கும் தண்ணீர் ரப்பர் ஒட்டை விட்டு வைக்குமா? கடலும் அப்படித்தான். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். திருச்செந்தூர் கடற்கரைக்குக் கொண்டு போனால், வந்தவுடன் குழாய்த் தண்ணீரில் மெதுவாக அலசி, சார்ஜிங் துளை நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டு அந்தப் பின்கள் பச்சை பூத்து வருவதுதான் என் கடைக்கு அடிக்கடி வரும் கேஸ்.

பேட்டரிக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன், பெட்டியில் உள்ள எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று புரியும். ஜே.பி.எல். ஃப்ளிப் 6இல் 4800 எம்.ஏ.எச்., 3.6 வோல்ட். பெருக்கினால் சுமார் 17 வாட் மணி. 12 மணி நேரம் பாடும் என்கிறார்கள். 17ஐ 12ஆல் வகுத்தால் 1.4 வாட்ஸ்! பெட்டியில் இருப்பதோ 30 வாட்ஸ். பொய் என்று சொல்லவில்லை. பாட்டில் அடி விழும் அந்த நொடிக்கு மட்டும்தான் நிறைய சக்தி வேண்டும், சராசரி குறைவுதான். ஆனால் அந்த 12 மணி நேரம் வீட்டுக்குள் மெதுவாக வைத்துக் கேட்கும் கணக்கு. மாடியில் 90 சதவீதத்தில் வைத்தால், என் அனுபவத்தில் பாதி நேரம் கிடைத்தாலே அதிகம். சார்ஜ் 5இல் 7500 எம்.ஏ.எச்., 20 மணி நேரம் என்ற கணக்கும் இதே மாதிரிதான்.

லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. எங்கள் ஊர் மே மாத வெயிலில், மாடிச் சுவரில் வைத்தபடி சார்ஜ் போடாதீர்கள், கார் டேஷ்போர்டில் விட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குள் போகாதீர்கள். இரண்டு மாதம் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு மலிவு ஸ்பீக்கரை "மூடி தானாகத் திறக்குதுண்ணே" என்று கொண்டு வந்தார்கள். திறந்தால் பேட்டரி அப்பளம் போல் உப்பி, பலகையை நெம்பிக்கொண்டு நிற்கிறது. அப்படிக் கண்டால் அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

இரண்டு ஸ்பீக்கரை ஜோடி சேர்க்கும் எண்ணம் பின்னால் வரலாம். ஒற்றை ஸ்பீக்கரில் இடது வலது பிரியாது, இரண்டில்தான் பிரியும். ஆனால் ஒரே கம்பெனி என்பதற்காக எல்லாம் சேராது. ஜே.பி.எல்.லிலேயே பழைய கனெக்ட் பிளஸ், அப்புறம் பார்ட்டிபூஸ்ட், இப்போது ஆராகாஸ்ட் என்று ஜோடி சேர்க்கும் முறையில் மூன்று தலைமுறை. ஃப்ளிப் 6 பார்ட்டிபூஸ்ட், அதற்கு அடுத்து வந்த ஃப்ளிப் 7 ஆராகாஸ்ட். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது.

இனி உங்கள் 8000. ஒன்றுதான் வாங்குவேன் என்றால் ஃப்ளிப் 6 அளவில், அரை கிலோ எடையுள்ள ஐ.பி.67 ஸ்பீக்கர் எதையாவது பாருங்கள். விலை வாரத்துக்கு வாரம் மாறும், தீபாவளி சமயம் கொஞ்சம் இறங்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும், ஆனால் இரண்டும் கொஞ்சம் அடிபட்டுத்தான் விழும். இரண்டாகப் பிரிக்க மனம் வந்தால் அதுவே மேல்: ஐயாயிரம் சுமாரில் அப்பாவுக்குப் பிளக்கில் மாட்டும் 2.0 செட், மீதியில் மாடிக்கு ஒரு சின்னது. அப்பா தினம் இரண்டு மணி நேரம் கேட்பார், நீங்கள் வாரத்துக்கு நாலு மணி நேரம். பெரிய பங்கு அவருக்குப் போவதுதான் நியாயம். ரொம்பச் சின்னதாகப் போய்விடவும் வேண்டாம். ஜே.பி.எல். கோ 3 மாதிரி 4.2 வாட்ஸ் ஸ்பீக்கர் கட்டில் பக்கத்துக்குச் சரி, பத்துப் பேருக்கு ஆகாது.

வாங்கப் போகும்போது உங்கள் போனில் மூன்று பாட்டு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டு எந்த டப்பாவிலும் நன்றாகவே கேட்கும், அதற்காகவே தேர்ந்தெடுத்தது. ஒன்று, தம்பூராவும் மிருதங்கமும் தெளிவாக உள்ள கச்சேரி. அதை மெதுவாக வைத்துத் தொப்பியைத் தேடுங்கள். இரண்டு, பேஸ் கித்தார் தனியாக நடக்கும் இளையராஜாவின் எண்பதுகள் பாட்டு ஒன்று. பேஸ் ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரிந்து கேட்க வேண்டும், எல்லாம் ஒரே "தொம் தொம்" என்றால் அது பேஸ் இல்லை, டப்பாவின் அதிர்வு. மூன்று, நாதஸ்வரம். அதை மட்டும் 90 சதவீதத்தில் வையுங்கள். நாதஸ்வரத்தைக் கிழிக்காமல் தரும் சின்ன ஸ்பீக்கர் எதையும் கிழிக்காது. கேட்கும்போதே இரண்டு முனையிலும் உள்ள வட்டத் தகட்டில் விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். அதற்குக் காயிலும் இல்லை, காந்தமும் இல்லை, உள்ளே அடைபட்ட காற்று தள்ளுவதால் மட்டும் ஆடுகிறது. பேஸ் பாதி அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே அந்த முனைகளைத் தலையணையிலோ சுவரிலோ அழுத்தி வைக்கக் கூடாது.

மாடியில் வைக்கும் இடம். பத்துப் பேரும் வட்டமாக உட்கார்ந்தால் நடுவில், தரையில் இல்லாமல் ஸ்டூல் மேல். யாருக்கும் 2 மீட்டருக்கு மேல் தூரம் வராது, 60 சதவீத வால்யூமே போதும். வரிசையாக உட்கார்ந்தால் மாடிப்படி ரூம் சுவரை முதுகுப் பக்கம் வைத்து, இரண்டு சுவர் சேரும் மூலையாகப் பாருங்கள். விட்டுப்போன பேஸில் கொஞ்சம் திரும்பி வரும். கைப்பிடிச் சுவர் விளிம்பில் மட்டும் வைக்காதீர்கள். கீழே விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும், பாதிச் சத்தம் எதிர்வீட்டுக்குப் போகும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு, இரவு என்பது 10 மணிக்குத் தொடங்குகிறது. பத்தடித்த பிறகும் கேட்க ஆசையாக இருந்தால் வட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டு ஸ்பீக்கரை இன்னும் கிட்டே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.